கோழிக்காரர்களிடம் மாட்டிய அணி: பிளாக்பர்ன் ரோவர்ஸ் ரசிகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனேவின் வெங்கீஸ் கோழி நிறுவனத்துக்குச் சொந்தமான இங்கிலாந்துக் கால்பந்து அணி பிளாக்பர்ன் ரோவர்ஸ். நான் அதன் ரசிகன் என்று தமிழ்நாட்டில் யாரிடமாவது சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு கேள்விகள் வரும். மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் ரசிகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கோபம் இருக்கிறது; அதை மறைக்கப்போவதில்லை.

பிளாக்பர்ன் என்பது எந்த ஊர்? அப்படி என்ன பெரிய அணி?

இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்துப் பழைய நெசவு நகரம். மான்செஸ்டருக்கு வடமேற்கே இருக்கிறது. மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குள்தான். கிளப் தொடங்கியது 1875-இல். 1888-இல் கால்பந்து லீக் என்ற ஒன்றை முதன்முதலாக உலகத்தில் ஆரம்பித்தபோது அதில் ஆடிய 12 அணிகளில் இதுவும் ஒன்று. 1992-இல் முதல் அடுக்கு லீகாக பிரீமியர் லீக் பிறந்தபோதும் இருந்தது. (கடைசி இடங்களில் முடிக்கும் அணிகள் அடுத்த அடுக்குக்கு இறங்கும், கீழே முன்னணியில் முடிப்பவை மேலே ஏறும்.) இந்த இரண்டு தொடக்கத்திலும் இருந்தவை மூன்றே அணிகள்: ஆஸ்டன் வில்லா, எவர்ட்டன், பிளாக்பர்ன். நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறார்கள். சட்டையில் ஒரு பாதி நீலம், மறு பாதி வெள்ளை.

இவ்வளவு சின்ன ஊர் அணி எப்படி பிரீமியர் லீக் பட்டம் வென்றது?

ஜாக் வாக்கர் என்ற ஒருவரால். அதே ஊரில் பிறந்தவர், எஃகு வியாபாரத்தில் சம்பாதித்தவர், சிறுவயதிலிருந்தே ரோவர்ஸ் ரசிகர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளப்பைத் தன் கையில் எடுத்தார். அப்போது ரோவர்ஸ் இரண்டாம் அடுக்கில் தத்தளித்துக்கொண்டிருந்தது. லிவர்பூலை விட்டு விலகி வீட்டில் இருந்த கென்னி டால்கிலீஷை அழைத்துவந்து பயிற்சியாளர் ஆக்கினார். கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர் ஆலன் ஷியரரை அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகைக்கு வாங்கினார். பிறகு கிறிஸ் சட்டனை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கி மறுபடியும் சாதனை படைத்தார். ஈவுட் பார்க் மைதானத்தின் மூன்று பக்கங்களை இடித்துப் புதிதாகக் கட்டினார்.

1995 மே 14 அன்று கடைசி ஆட்டத்தில் லிவர்பூலிடம் 2-1 என்று தோற்றும் பட்டம் வென்றோம். அதே நேரத்தில் லண்டனில் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமை வெல்ல முடியாமல் சமன் செய்திருந்தது. எங்களுக்கு 89 புள்ளி, அவர்களுக்கு 88. அந்த சீசனில் ஷியரர் லீகில் மட்டும் 34 கோல் அடித்தார். கேபிள் டிவியில் அதைப் பார்த்துதான் நான் இந்த அணிமேல் விழுந்தேன். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

பணத்தால் வாங்கிய பட்டம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் வாக்கர் வெறும் பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை. எந்தப் பயிற்சியாளரை அழைப்பது, எந்த ஆட்டக்காரரை வாங்குவது என்று தெரிந்தவர்களை வைத்துக்கொண்டார், ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். 1999-இல் அணி கீழே இறங்கியபோதும் ஓடிவிடவில்லை. 2000 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த ஆண்டே அணி மேலே வந்தது. 2002-இல் லீக் கோப்பையையும் வென்றது. கீழே வரும் எல்லா பதில்களிலும் இவர் நிழல் இருக்கும்.

சரி, கோழி நிறுவனம் எங்கிருந்து வந்தது?

வாக்கரின் குடும்ப அறக்கட்டளைக்கு கிளப்பை வைத்துக்கொள்ளும் ஆர்வம் குறைந்து, வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். 2010 நவம்பரில் புனேவின் வெங்கீஸ் குழுமம் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கிளப்பின் கடனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. தலைவர் அனுராதா தேசாய், அவருடைய தம்பிகள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ்.

தமிழ் வாசகருக்கு இவர்கள் அந்நியர்கள் இல்லை. இவர்களுடைய தந்தை டாக்டர் பி.வி. ராவ்தான் இந்தியாவில் கோழிப்பண்ணையை ஒரு தொழிலாக மாற்றியவர்களில் முதன்மையானவர். நாமக்கல் முட்டை விலையை அறிவிக்கிறதே என்.இ.சி.சி. என்ற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அது 1982-இல் உருவானதும் அவர் முயற்சியில்தான். தொழில் தெரிந்த குடும்பம். அதனால் செய்தி வந்த அன்று நானும் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப் ஒன்றை இந்திய நிறுவனம் வாங்குவது அதுவே முதல்முறை.

இங்கே ஒரு கிளைக்கதை. ஈவுட் பார்க்கிலிருந்து சில மைல் தள்ளி டார்வென் என்ற ஊர் இருக்கிறது. 1931-இல் காந்தி அங்கே போய் மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். இந்தியாவில் அந்நியத் துணி புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலம். அதனால் வேலை இழந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அப்படி இருந்தும் கைதட்டி வரவேற்றார்கள். இன்று பிளாக்பர்னில் தெற்காசிய வம்சாவளியினர் ஏராளம். இந்திய உரிமையாளருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இங்கிலாந்தில் கிடைத்திருக்காது.

வந்ததும் என்னதான் செய்தார்கள்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2010 டிசம்பர் 13 அன்று பயிற்சியாளர் சாம் அலார்டைஸை நீக்கினார்கள். அணி அப்போது 13-ஆவது இடத்தில் பத்திரமாக இருந்தது. அலார்டைஸின் ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீழே இறங்காமல் காப்பாற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று இங்கிலாந்து முழுக்கப் பெயர்.

அவர் இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் கீன். பயிற்சிக் குழுவில் இருந்தவர். அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. கிளப்பை வாங்கும் பேரத்தில் வெங்கீஸுக்கு ஆலோசனை சொன்னவர் ஜெரோம் ஆண்டர்சன் என்ற ஆட்டக்காரர்-முகவர். கீனும் அதே ஆண்டர்சனின் வாடிக்கையாளர். பிறகு ஆண்டர்சனின் மகனையும் அணி ஒப்பந்தம் செய்தது. ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமலே அவர் போனார். சட்ட விரோதம் எதுவும் இதில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கால்பந்து தெரியாத உரிமையாளர் யார் பேச்சைக் கேட்கிறார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பல ஆண்டுகள் கிளப்பை நடத்திய ஜான் வில்லியம்ஸ் உள்ளிட்ட நிர்வாகிகள், ஆட்டக்காரர்களை வாங்கும் முடிவுகளில் தங்களைக் கேட்பதே இல்லை என்று உரிமையாளர்களுக்கு எழுதிய கடிதம் பின்னர் வெளியானது. 2011 தொடக்கத்திலேயே வில்லியம்ஸ் விலகினார்.

இதற்கிடையில் பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோவை வாங்கப் போகிறோம் என்ற பேச்சு. வாங்கவில்லை. நம்பிக்கை நட்சத்திரமான இளம் தடுப்பாட்டக்காரர் ஃபில் ஜோன்ஸை 2011-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். அதே ஆண்டு அணி வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கும் விளம்பரம் வந்தது. ஆட்டத்துக்குப் போகுமுன் கோழி தின்னும் வீரர்களை வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அக்டோபரில், புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணியை லீக் நடுவில் கிடைத்த இடைவெளியில் புனேவுக்குக் கூட்டிவந்து புனே எஃப்.சி.யோடு நட்பு ஆட்டம் ஆட வைத்தார்கள்.

மைதானத்தில் கோழி ஓடியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2012 மே 7, ஈவுட் பார்க், எதிரணி விகன். கொட்டும் மழை. ரோவர்ஸ் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை யாரோ உள்ளே விட்டார்கள். விகன் ஆட்டக்காரர் ஒருவர் அதைப் பிடிக்கப் படாதபாடு பட்டார். அன்று 1-0 என்று தோற்றோம், 11 ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீகிலிருந்து இறங்கினோம். உலகமே கோழியைப் பார்த்துச் சிரித்தது. அதே சீசனில்தான், 2011 டிசம்பர் 31 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் 70-ஆவது பிறந்தநாளில், அவர்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் அவர்களை 3-2 என்று தோற்கடித்தோம். அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

ஒரே சீசனில் ஐந்து பயிற்சியாளர்கள் என்கிறார்களே?

2012-13. தற்காலிகமாக நின்றவர்களையும் சேர்த்தால் ஐந்து. செப்டம்பரில் கீன் விலகினார், தன் நிலையை நீடிக்க முடியாததாக ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு. கொஞ்ச நாள் எரிக் பிளாக். பிறகு ஹென்னிங் பெர்க். 1995 பட்டம் வென்ற அணியில் ஆடியவர். 57 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து மைக்கேல் ஆப்பிள்டன், 67 நாள். முன்னும் பின்னும் கேரி போயர் தற்காலிகப் பயிற்சியாளராக வந்து அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டார்.

பெர்க் விவகாரம் தனியாகச் சொல்ல வேண்டியது. மீதி ஒப்பந்தத் தொகையைக் கேட்டு அவர் வழக்குப் போட்டார். கிளப் முதலில் கடனை ஒப்புக்கொண்டது. பிறகு, அந்த ஒப்பந்தத்தைக் கொடுக்க எங்கள் நிர்வாக இயக்குநர் டெரிக் ஷாவுக்கு அதிகாரமே கிடையாது என்று வாதாடப் பார்த்தது. தன் நிர்வாக இயக்குநர் போட்ட கையெழுத்தை ஒரு கிளப்பே நீதிமன்றத்தில் மறுக்கிறது! 2013-இல் நீதிபதி ஏற்கவில்லை. 22.5 லட்சம் பவுண்டு பெர்க்குக்குப் போனது. அந்த ஆண்டு கிளப்பில் யார் பேச்சு செல்லும் என்று யாருக்கும் தெரியாது. ஷா ஒருபக்கம், மலேசியாவில் டிவி விமர்சகராக இருந்து உலக ஆலோசகர் என்ற பதவியில் வந்திறங்கிய ஷெபி சிங் மறுபக்கம், முடிவு சொல்ல வேண்டியவர்கள் புனேவில்.

கஞ்சத்தனமா? பணமே போடவில்லையா?

இங்கேதான் எல்லாரும் தவறாக நினைக்கிறார்கள். வெங்கீஸ் குடும்பம் இந்த கிளப்புக்காகச் செலவழித்தது 20 கோடி பவுண்டுக்கு மேல். மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கிய கிளேசர் குடும்பம் வாங்குவதற்கான கடனை கிளப் தலையிலேயே கட்டியது. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலான கிளப்புகள் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. வருமானத்தைவிடச் சம்பளச் செலவே அதிகமாகும் ஆண்டுகள் உண்டு. அந்தப் பள்ளத்தை யாராவது நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் புனேவிலிருந்து பணம் வந்தது. இளைஞர் அகாடமியை முதல் தரத்தில் வைத்திருக்கிறார்கள். கோவிட் காலத்தில் கைவிடவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுத் திட்டினால் அது நியாயம் இல்லை.

அப்படியானால் என் புகார் என்ன? மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத குடும்பத் தலைவரைப் பற்றி வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன புகார் இருக்குமோ, அதுதான். பத்தாண்டுக்கு மேலாக அவர்களை ஈவுட் பார்க்கில் காண்பதே அரிது. ரசிகர்களிடம் பேசுவதில்லை. எங்கே போகிறோம், மேலே ஏறப் பார்க்கிறோமா, இங்கேயே இருந்தால் போதுமா என்று வாய் திறந்து சொன்னதில்லை. எந்த முடிவுக்கும் இங்கிலாந்தில் இருக்கும் நிர்வாகி புனேவைக் கேட்க வேண்டும். புனேவின் பதில் எப்போது வரும், என்னவாக வரும் என்று யாருக்கும் தெரியாது. நஷ்டத்தை நிரப்பும் பணம் அணியைக் கட்டும் பணம் ஆகாது. வாக்கர் செலவழித்ததற்கு ஒரு பட்டம் இருக்கிறது. இவர்கள் செலவழித்ததற்கு 2017-இல் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியதுதான் இருக்கிறது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கிளப் அங்கே விழுந்தது அதுவே முதல்முறை. அதுவும் கடைசி ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டை 3-1 என்று வென்றும், புள்ளி சமமாக இருந்தும் கோல் வித்தியாசத்தில் போனது. பயிற்சியாளர் டோனி மௌபிரே ஒரே ஆண்டில் திரும்ப மேலே கொண்டுவந்தார். நல்ல மனிதர், ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்தார்.

டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறை நடத்திய விசாரணை காரணமாக, இந்தியாவிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப வெங்கீஸ் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. அனுப்பும் தொகைக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கட்டச் சொன்னது நீதிமன்றம். ஒரு பவுண்டு அனுப்ப இன்னொரு பவுண்டை முடக்க வேண்டும். 2023, 2024-இல் விசாரணைத் தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் லங்காஷயரில் ரசிகர்கள் டெல்லி வழக்குப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கால்பந்து ரசிகனுக்கு ஆஃப்சைடு விதி தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது.

விளைவு உடனே தெரிந்தது. பிளாக்பர்னிலேயே பிறந்து, சின்னப் பையனாக அகாடமிக்கு வந்த ஆடம் வார்ட்டனை 2024 குளிர்கால விற்பனைக் காலத்தின் முடிவில் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றோம், சுமார் 1.8 கோடி பவுண்டு. ஐந்தே மாதத்தில் அவர் இங்கிலாந்தின் யூரோ 2024 அணியில் இருந்தார். அதே சீசனில் லீகில் 27 கோல் அடித்து எங்களைக் காப்பாற்றிய சாமி ஸ்மோடிக்ஸ், அடுத்த ஆகஸ்டில் இப்ஸ்விச்சுக்குப் போனார். விற்பது தவறில்லை, சின்ன கிளப்புகள் பிழைப்பதே விற்றுத்தான். விற்ற பணம் எங்கே திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

சமீபத்தில் எப்படி நடக்கிறது?

இரண்டு சம்பவம் சொன்னால் போதும். புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் கெடு நாளான 2023 ஜனவரி கடைசி நாளில் லூயிஸ் ஓ'பிரையன் என்ற ஆட்டக்காரரை எடுக்கப் போனோம். காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, பதிவு ஆகவில்லை. ஓராண்டு கழித்து, அமெரிக்காவிலிருந்து டங்கன் மெக்குவயர் என்ற ஆட்டக்காரர் வந்தே சேர்ந்துவிட்டார். மறுபடி காகிதத்தில் கோளாறு, மறுபடி பதிவு ஆகவில்லை.

2025 பிப்ரவரியில் அணி ஐந்தாம் இடத்தில், பிரீமியர் லீக் கனவு காணும் நிலையில் இருந்தது. பயிற்சியாளர் ஜான் யூஸ்டஸ் விலகி, தரவரிசையின் அடியில் இறங்கும் ஆபத்தில் இருந்த டார்பி கவுன்ட்டிக்குப் போனார். ஐந்தாம் இடத்து அணியை விட்டு ஒருவர் கீழே கிடக்கும் அணிக்கு ஏன் போகிறார் என்று யோசித்தாலே கிளப்பின் உள்நிலை புரிந்துவிடும். கடைசியில் 7-ஆம் இடம். பிரீமியர் லீகுக்கு ஏறக் கடைசி வாய்ப்பான பிளே-ஆஃபுக்கு அப்போது ஆறாம் இடம் வேண்டியிருந்தது. 2023-இலும் அதே 7-ஆம் இடம்தான், அப்போது கோல் வித்தியாசத்தில். அந்த வசந்தத்தில் எங்கள் பரம எதிரி பர்ன்லி சாம்பியன்ஷிப் பட்டத்தை உறுதிசெய்தது எங்கள் மைதானத்திலேயே. அதற்கு மேல் பேச விரும்பவில்லை.

2025-இல் பெண்கள் அணியை இரண்டாம் அடுக்கு லீகிலிருந்தே விலக்கிக்கொண்டார்கள். அந்த லீகின் புதிய நிபந்தனைகளுக்குத் தேவையான செலவைச் செய்ய மனமில்லை. பெரிய தொகையும் இல்லை. எனக்கு இந்த முடிவுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

உரிமையாளர்கள் இந்தியர்கள் என்பதால் வெள்ளைக்காரர்கள் வெறுக்கிறார்களா?

இந்தியாவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அப்படிப் பேசும் ஓரிருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் அதே லங்காஷயரைச் சுற்றிப் பாருங்கள். பிளாக்பூலை வைத்திருந்த ஓய்ஸ்டன் குடும்பம் உள்ளூர்க்காரர்கள். கிளப் பணத்தை முறைகேடாக உருவினார்கள் என்று 2017-இல் நீதிமன்றம் சொல்லி, 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மைதானத்தையே புறக்கணித்தார்கள். ஓய்ஸ்டன் பிடி விட்டதும், 2019 மார்ச்சில் ஒரே நாளில் கூட்டமாகத் திரும்பிவந்தார்கள். பக்கத்து ஊர் பரி எஃப்.சி.யை ஒரு பவுண்டுக்கு வாங்கியவரும் ஆங்கிலேயரே. வாங்கி ஒன்பது மாதத்தில், 2019 ஆகஸ்டில், 134 ஆண்டு வயதான கிளப் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. இங்கே பாஸ்போர்ட் ஒரு விஷயமே இல்லை.

இன்னொன்று. இந்திய கிளப்புகளைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? ஐ.எஸ்.எல். அணிகளின் நிர்வாகத்தைத் திட்டும்போது யாரும் நம்மை இனவெறியர் என்பதில்லை.

ரசிகர்கள் சும்மாவா இருந்தார்கள்?

இல்லை. ஊர்வலம், பதாகை, புறக்கணிப்பு எல்லாம் நடந்தது. எனக்குப் பிடித்தது 2016-இல் நடந்தது: கிளப் பிறந்த ஆண்டு 1875 அல்லவா? 18-ஆவது நிமிடத்தில் மைதானத்துக்குள் வருவது, 75-ஆவது நிமிடத்தில் வெளியேறுவது என்று முடிவு செய்தார்கள். மற்றபடி, 31,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் பல ஆட்டங்களில் பாதிகூட நிறையாததே பெரிய போராட்டம். பிரச்சினை என்னவென்றால், டிக்கெட் வருமானம் குறைந்தால் நஷ்டம் கூடுகிறது, நஷ்டம் கூடினால் கிளப் புனேவையே இன்னும் அதிகமாக நம்பி இருக்க வேண்டியிருக்கிறது. புறக்கணித்தால் யாருக்கு அடி என்று எங்களுக்கே தெரியாது.

விற்றுவிட்டுப் போகச் சொல்லலாமே?

சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். விற்கும் எண்ணம் இல்லை என்பதே நிர்வாகத்தின் தொடர்ந்த பதில். விற்றாலும், ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் நஷ்டம் தரும் கிளப்பை எவ்வளவுக்கு வாங்குவார்கள்? போட்ட பணத்தில் ஒரு சிறு பங்குகூடத் திரும்பாது. வருகிறவர் பரியை வாங்கியவர் மாதிரி இருந்தால்? ரசிகர் கூட்டத்துக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. போனால் போதும் என்பவர்கள் பாதி. இவர்கள் போய்விட்டால் மறுமாதச் சம்பளம் யார் கொடுப்பார் என்று பயப்படுபவர்கள் பாதி. நான் முதல் கட்சி, ஆனால் இரண்டாம் கட்சியின் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் எதுவும் இல்லையா?

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. தனி ஒழுங்குமுறை அமைப்பு, கிளப்புகளுக்கு உரிமம், உரிமையாளர் தகுதிச் சோதனை, ரசிகர்களிடம் கலந்து பேசும் கட்டாயம், சின்னம், நிறம், மைதானம் போன்றவற்றைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றத் தடை. பரி, பிளாக்பூல் மாதிரியான திருட்டுக்கும் திவாலுக்கும் இது உதவலாம். எங்கள் கதை வேறு. சம்பளம் நேரத்துக்குப் போகிறது, கணக்கு தாக்கலாகிறது. அக்கறை இல்லை என்பதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை? ரசிகர்களிடம் கலந்து பேசு என்ற விதி ஒன்றில்தான் எனக்குக் கொஞ்சம் ஆசை இருக்கிறது. புனேவிலிருந்து யாராவது வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி வாங்க வேண்டியிருக்குமா என்று பார்க்க வேண்டும்.

வேறு அணிக்கு மாறிவிடலாமே?

இல்லை. அடுத்த கேள்வி.

வெங்கீஸ் கோழி சாப்பிடுவீர்களா?

கறிக்கடையில் தொங்கும் கோழி எந்தக் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய பண்ணைத் தொழில்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தடுப்பூசியிலிருந்து தீவனம் வரை நுணுக்கமாகச் செய்பவர்கள். எரிச்சலே அங்கேதான் தொடங்குகிறது: இந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் எங்களுக்கு. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழிதான். சனிக்கிழமை ரோவர்ஸ் தோற்றிருந்தால் மட்டும் மீன்.